தராசோடு வந்த பேச்சு

1980-இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தது. அதன் பெருமையை அது வழங்கிய சத்துணவுக்குத் தருவோர் உண்டு. எனக்கோ தாயும் திட்டத்தின் ஊழியரும் பேசிய பேச்சே பெரிதாகப் படுகிறது. எடை கூடாத பிள்ளைக்கு மட்டுமே கூடுதல் உணவு என்பதால், காரணத்தை ஊழியர் தாயிடம் விளக்கியே ஆகவேண்டியிருந்தது. எடை போட்டால் கண்பட்டுவிடும் என்று அஞ்சும் வீட்டில் அது எளிதா? ஊர்ப்பெண்ணே ஊழியராக இருந்ததால்தான் கதவு திறந்தது.

செங்கீரை, சப்பாணி, அம்புலி என்று பருவம் வகுத்த பிள்ளைத்தமிழ் மரபில் தாய்க்குப் பிள்ளையின் வளர்ச்சியை யார் சொல்லித்தர வேண்டும் எனச் சிலர் கேட்பர். பருவம் அறிவது வேறு, தன் பிள்ளை பின்தங்குவதை ஏற்பது வேறு. ஆனால் பின்தங்குவது எடையில் மட்டுமல்ல; பேச்சு வராததையும் காது கேளாததையும் தராசு காட்டாது. வளர்ச்சித் தாமதத்தையும் கண்டறியும் தேசியத் திட்டம் 2013-இல்தான் வந்தது.