தாது வருஷத்துச் சூரியன்

1877 நவம்பரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் 'சூரியப் புள்ளிகளும் பஞ்சங்களும்' என்ற கட்டுரை வெளியாகிறது. எழுதியவர்கள் வானியலாளர் நார்மன் லாக்யரும், இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவர் ஹண்டரும். சூரியனின் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கொரு முறை பெருகிக் குறைகின்றன. அவை குறையும்போது சென்னையில் மழை பொய்க்கிறது, பஞ்சம் வருகிறது என்பது அவர்கள் வாதம். அந்த நேரத்தில் சென்னை மாகாணத்தில் ஜனங்கள் தாது வருஷப் பஞ்சத்தில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹண்டரைச் சதிகாரர் என்று சொல்லிவிட முடியாது. பஞ்சத்தை முன்கூட்டியே அறிய வேண்டும் என்ற அக்கறை அவருக்கு இருந்தது. ஆனால் மழை பொய்ப்பதற்கும் மனிதன் சாவதற்கும் நடுவே ஒரு அரசாங்கம் இருக்கிறதே! அது இந்தச் சொல்லாடலில் காணாமல் போகிறது. 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவைப் பேரரசியாக்கி டெல்லியில் தர்பார் நடத்துகிறார் லிட்டன். சிக்கனம் பார்க்க வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியம் போதும் என்கிறார். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உழைக்கிற உடம்புக்குப் பத்தாது என்று சண்டை போடுகிறார். இந்தியக் கோதுமை பாட்டுக்குக் கப்பலேறிக்கொண்டிருக்கிறது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த கால்வாய்த் துண்டு இப்படிப்பட்ட நிவாரண வேலையில் வெட்டியதுதான். பேர் மட்டும் கவர்னர் பக்கிங்ஹாமுடையது. சூரியனைக் குற்றவாளியாக்கினால் இவர்கள் யாரையும் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

இதிலிருந்து நிஜமான விஞ்ஞானமும் பிறந்தது என்பதுதான் சங்கடம். தென்னிந்திய மலையொன்றில் சூரிய ஆய்வுக்கூடம் வேண்டும் என்று 1882இல் போக்சன் கேட்டார். பருவமழையின் புதிரும் அதற்கு வலுச்சேர்த்தது. கோடைக்கானலில் 1901இல் வேலை தொடங்கியது. கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909இல் அங்கேதான் கண்டார். மழை மட்டும் பிடிபடவில்லை. 1904இல் வானிலைத் துறைக்கு வந்த கணிதர் கில்பர்ட் வாக்கர் புள்ளிகளையும் மழையையும் கணக்குப் போட்டுப் பார்த்தார். பருவமழையை முன்னறிவிக்க உதவும்படி எதுவும் தேறவில்லை. அந்தத் தேடலில் அவர் கைக்குச் சிக்கியது வேறொன்று: பசிபிக்குக்கும் இந்துமாக் கடலுக்கும் இடையே ஏறியிறங்கும் காற்றழுத்தம். எல் நினோவோடு சேர்த்து இன்று பேசப்படுவது அதுதான். 1877இல் வந்தது மிகக் கடுமையான எல் நினோ. 1878இல் புள்ளிகள் அடிமட்டத்தில் இருந்ததும் உண்மையே. ஆனால் பருவமழையைக் கெடுத்தது கடல்.

1997இல் டென்மார்க்கின் ஸ்வென்ஸ்மார்க் இந்த வழக்கை வேறுவிதமாகத் திறந்தார். சூரியக் காந்தப்புலம் தளர்ந்தால் அண்டக்கதிர்கள் அதிகம் நுழைகின்றன. அவை காற்றை அயனியாக்கி மேகவித்துகளைப் பெருக்குகின்றன என்றார். ஜெனிவாவின் செர்ன் கூடத்தில் 2009 முதல் சோதித்துப் பார்த்தார்கள். அயனிகள் துகள் உருவாக உதவுகின்றன. ஆனால் தட்பவெப்பத்தைப் புரட்டும் அளவுக்கு இல்லை. சூரிய ஒளியும் அந்த 11 ஆண்டுச் சுழற்சியில் 0.1 சதவீதம்தான் மாறுகிறது. 1980களிலிருந்து சூரியன் சற்றே தணிந்திருக்க, பூமி சூடேறிக்கொண்டே போகிறது. இருந்தும் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் வக்காலத்து வாங்குகிறவர்கள் 'எல்லாம் சூரியன் செய்யும் வேலை' என்கிறார்கள். தாது வருஷத்திலும் கேட்ட குரல்தான்.