வச்சிரபோதி

வச்சிரபோதி (671–741), பௌத்தத்தின் மறைநெறியான வச்சிரயானத்தைச் சீனாவில் வேரூன்றச் செய்த துறவிகளுள் ஒருவர். குருவிடம் தீட்சை பெற்றவருக்கு மட்டுமே மந்திரம், முத்திரை, மண்டலம் ஆகியவற்றைக் கற்பிக்கும் நெறி அது. அவர் பிறப்பைப் பற்றிச் சீன நூல்கள் ஒத்துப்போகவில்லை. மலய நாட்டு அந்தணர், தந்தை காஞ்சி மன்னரின் ஆசான் என்கிறது ஒன்று. நடு இந்திய இளவரசர் என்கிறது மற்றொன்று. நாலந்தாவில் பயின்றபின் தென்னிந்தியாவில் நாகபோதியிடம் ஏழாண்டுகள் மறைநூல்களைக் கற்றார்.

காஞ்சியில் மூன்றாண்டுகள் மழை பொய்த்தபோது பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மன் (இராசசிம்மன்) இவரை வேண்டினான். இவர் சடங்கு செய்ய, மழை பெய்தது என்பது சீன வரலாறு. மழைக்குச் சாட்சி சொல்ல நம்மால் முடியாது. மன்னனின் தவிப்பு மட்டும் காஞ்சிக்கு வடமேற்கே காவேரிப்பாக்கம் வரை போனால் விளங்கும். பாலாறு பெரும்பாலான மாதங்களில் வெறும் மணல். வெள்ளம் வரும் சில நாட்களில் நீரைக் கால்வாயில் திருப்பி ஏரியில் தேக்கினால்தான் நெல் விளையும். காவேரிப்பாக்கம் பெரிய ஏரியை 9ஆம் நூற்றாண்டின் மூன்றாம் நந்திவர்மன் வெட்டியதாகச் சொல்வர். பல்லவர் கவலை அதுவரை தீரவில்லை போலும். இத்தனைக்கும் இராசசிம்மன் அழுத்தமான சைவன். காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலைக் கட்டியவன். அங்குள்ள கல்வெட்டு அவனைச் சைவ சித்தாந்த வழி நின்றவன் என்கிறது. மழை தருபவர் எந்தச் சமயத்தவர் என்று பஞ்ச காலத்தில் யார் கேட்பார்?

பின்னர் வச்சிரபோதி இலங்கை சென்று அநுராதபுரத்து அபயகிரி விகாரையில் ஆறு மாதம் தங்கினார். பழமை பேணிய மகாவிகாரை போலன்றி அபயகிரி புதுநெறிகளுக்கு இடம் கொடுத்தது. மந்திரத் தொடர்களான தாரணிகள் பொறித்த கற்பலகைகள் அங்கே கிடைத்துள்ளன.

தென்னிந்தியா திரும்பியபின், காஞ்சி மன்னன் சீனப் பேரரசருக்கு அனுப்பிய பிரஞ்ஞாபாரமிதை நூலோடும் பரிசுகளோடும் கப்பலேறி, ஸ்ரீவிசய நாடு வழியாகக் கன்டன் துறைமுகத்தை அடைந்து 720இல் தலைநகரம் சேர்ந்தார். வழியில் புயல். பாரம் குறைக்க மறைநெறியின் பெருநூலான வச்சிரசேகரம் கடலில் எறியப்பட்டதாகவும் சுருக்கமே தப்பியதாகவும் ஒரு மரபு உண்டு. வச்சிரசேகர நூலின் சுருக்கத்தை 723இல் சீனத்தில் மொழிபெயர்த்தார். அங்கேயும் பேரரசர் சுவான்சோங் இவரிடம் மழைதான் கேட்டார்.

சீடர் அமோகவச்சிரர் (705–774), அவர் சீடர் ஹுய்குவோ என்று பரம்பரை தொடர்ந்தது. ஹுய்குவோவிடம் கற்ற ஜப்பானியத் துறவி கூகாய் 806இல் நாடு திரும்பிச் சிங்கோன் பிரிவை நிறுவினார். அப்பிரிவின் குரு வரிசை எண்மரில் வச்சிரபோதி ஐந்தாமவர்.