கழுவிப்போன பூச்சும் தங்கிப்போன களிம்பும்

தோணி ஒதுங்கும் துறைதான் தோணிரேவு. தோணி தமிழ், ரேவு தெலுங்கு. பழவேற்காடு ஏரிக்கரையின் இரு மொழிகளும் அந்த ஒரு பேரில் சேர்ந்திருக்கின்றன. உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரியது இந்த ஏரி. வெயில், உப்பு, ஈரம் மூன்றும் ஒருசேரத் தோலில் படுகிற கரை. இத்தகைய ஊர்களில் உடம்பில் எழும் எதற்கும் சூடுதான் காரணம் என்பார்கள்: சூட்டுக் கொப்புளம், சூட்டுக் கட்டி, சூட்டால் வந்த பரு. ஆனாலும் நம் மொழி வேர்க்குருவையும் பருவையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதில்லை. வேர்க்குரு, வியர்வைக் குழாய் அடைபட்டு வருவது. வெயில் தணிந்தால் தானே அடங்கும். பரு, மயிர்க்காலோடு ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பியில் பிறப்பது. மாசிப் பனியிலும் வரும். பருவுக்கான வெளித்தூண்டல்களைத் தேடுகிறவர்கள் வெயிலைப் பார்ப்பதைவிட, முகத்தில் பூசும் வழக்கம் மாறிய கதையைப் பார்ப்பது நல்லது. பழைய பூச்சு அன்றே கழுவப்பட்டது. புதிய பூச்சு முகத்திலேயே தங்குகிறது.

மஞ்சளை உரைகல்லில் இழைத்துப் பூசி, சற்றுக் காயவிட்டு, பயத்தம் மாவு தேய்த்துக் குளிப்பது தமிழ்ப் பெண்களின் நெடுநாள் வழக்கம். அதன் பலனையெல்லாம் மஞ்சளின் கணக்கில் எழுதிவிடுகிறோம். மாவுக்கும் தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு. முகத்து எண்ணெயை அவை எடுத்துப்போயின, துளையை மூடும் படலம் எதையும் விட்டுவைக்கவில்லை. இதற்கு முதல் மறுப்பு உடனே எழும்: பூச்சு கழுவப்பட்ட காலத்திலும் பரு இருந்ததே? இருந்தது. சுஸ்ருத சம்ஹிதை இளையோர் முகத்தில் எழும் பருவை முகதூஷிகை என்று பெயரிட்டு, இலவ மரத்து முள்ளுக்கு ஒப்பிடுகிறது. கபமும் வாதமும் இரத்தமும் அதற்குக் காரணம் என்கிறது. வயசுப் பரு என்று நம் வீடுகளில் சொல்வதும் இதைத்தான். பருவ வயதில் ஆண்ட்ரோஜன் சுரந்து எண்ணெய்ச் சுரப்பிகளைப் பெருக்குகிறது, மயிர்க்காலின் வாயில் உதிரும் செல்கள் ஒட்டி அடைக்கின்றன, உள்ளே நுண்ணுயிர் பெருகுகிறது, பிறகு வீக்கம். அடைப்பு மூடியிருந்தால் வெள்ளைத் தலை, திறந்திருந்தால் கரும்புள்ளி, வீங்கினால் சிவந்த பரு, பிறகு சீழ், ஆழத்தில் முடிச்சும் கட்டியும். கரும்புள்ளியின் கருமை அழுக்கல்ல. மெலனின் நிறமியும், காற்றுப் பட்டு மாறிய கொழுப்பும். தேய்க்கத் தேய்க்கப் புண்தான் மிஞ்சும். உள்ளிருந்து வரும் இந்தப் பருவை எந்த வழக்கமும் உண்டாக்கவில்லை. வழக்கத்தால் கூடுவதும் குறைவதும் உண்டு என்பதே என் வாதம்.

பழைய வழக்கம் முழுதும் குற்றமற்றது என்றும் சொல்ல முடியாது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்தவர் சீயக்காயோ அரப்போ போட்டு அலசிவிட்டார். அன்றாடம் தலையில் வைத்த தேங்காயெண்ணெய் அலசப்படவில்லை. வியர்வையோடு நெற்றிக்கு இறங்கியது. 1970இல் தோல் மருத்துவர்களான பிளெவிக், ஃபுல்டன், கிளிக்மன் மூவரும் அமெரிக்கக் கறுப்பின ஆண்களிடம் தலைப்பூச்சால் வரும் பருவை விவரித்தார்கள். நெற்றியிலும் பொட்டிலும் மட்டும், நெருக்கமாக, ஒரே மாதிரியான மூடிய சிறுபருக்கள். எண்ணெய் தங்கிய இடத்தில் பரு. 1975இல் மில்ஸும் கிளிக்மனும் தலைக்கவசம், வார் ஆகியவற்றின் அழுத்தத்தாலும் உரசலாலும் வரும் பருவுக்குத் தனிப் பெயர் கொடுத்தார்கள். மீன்கூடைக்கு அடியில் சும்மாடு அழுத்தும் நெற்றியும் அதே சுமையைத்தான் தாங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் வெப்ப நாடுகளுக்குப் போன படைவீரர்களுக்கு முதுகிலும் தோளிலும் பெரும் கட்டிப் பருக்கள் வந்தன. குளிர்ந்த நாட்டுக்குத் திரும்பியதும் தணிந்தன. அந்த அளவுக்குச் சூடு என்ற பழைய சொல்லிலும் உண்மை இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு சாப்பாட்டைக் காட்டும். மீன் தின்கிற கரையில் பரு வராமல் என்ன செய்யும் என்பார்கள். லோரன் கோர்டெய்னும் கூட்டாளிகளும் 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல விடை. பப்புவா நியூ கினியைச் சேர்ந்த கிட்டாவா தீவில் 1,200 பேரைச் சோதித்தார்கள்; ஒருவர் முகத்திலும் பரு இல்லை. கிழங்கும் பழமும் மீனும் தேங்காயும் அவர்கள் உணவு. பரம்பரைதான் காரணமாக இருக்கலாம் என்ற எதிர்வாதம் நியாயமானது; அந்த ஆய்வு ஒன்றே அதை ஒதுக்கிவிடாது. ஆயினும் மீனைக் குற்றவாளியாக்க அதில் இடமில்லை. சந்தேகத்துக்கு உரியவை, இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் தீட்டிய மாவும் இனிப்பும், ஓரளவுக்குப் பாலும். அவை கரையூர்ப் பெட்டிக்கடைகளுக்குப் பிற்காலத்தில் வந்தவை, மீன் முன்னாலிருந்தே இருப்பது.

பெரிய மாற்றம் களிம்புக் குழாயில் வந்தது. 1952இல் தோலில் பூசும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு பயன்பாட்டுக்கு வந்தது; அரிப்பையும் சிவப்பையும் அடக்கியதால் மருத்துவம் அதைக் கொண்டாடியது. 1973இல் பிளெவிக்கும் கிளிக்மனும் ஸ்டீராய்டுப் பூச்சே பருவை உண்டாக்கும் என்று காட்டினார்கள். ஆனால் 1975இல் அதே கிளிக்மன், வில்லிஸுடன் சேர்ந்து ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், டெக்ஸாமெதசோன் மூன்றும் கலந்து தோல் நிறத்தைக் குறைக்கும் கலவையை வெளியிட்டார். அதன் வழிவந்த கலவைகள் இந்திய மருந்துக்கடைகளில் சிவப்பழகுக் களிம்பாகவே கைமாறின. மருந்துச் சட்டத்தின் விதிவிலக்கு ஒன்று மேல்பூச்சு ஸ்டீராய்டுகளுக்கு மருத்துவர் சீட்டே கேட்காமல் விட்டிருந்தது. 2018இல்தான் பல ஸ்டீராய்டுகளுக்கு அந்த வாசல் அடைபட்டது. மஞ்சளை முகம் வெளுக்கப் பூசிய அதே ஆசைதான் இந்தக் களிம்பையும் வாங்கியது. ஆசையைப் பழிக்க எனக்கு மனமில்லை. வெயிலில் மீன் விற்கிறவளுக்குக் கறுப்பைக் குறையென்று சொல்லிக்கொடுத்தது இந்தச் சமூகம்.

ஸ்டீராய்டுப் பருவைக் கிட்டத்தில் பார்த்தால் அடையாளம் தெரியும். வயசுப் பருவில் கரும்புள்ளி, சிவப்பு, சீழ், தழும்பு எல்லாம் ஒரே கன்னத்தில் கலந்து நிற்கும். ஸ்டீராய்டுப் பருவோ ஒரே நாளில் விதைத்தது போல, ஒரே அளவில், ஒரே பருவத்தில் எழும். தொடக்கத்தில் கரும்புள்ளி இராது. தோல் மெலிந்து சிவந்த இரத்தக்குழல் இழைகள் தெரியும், பெண்ணின் தாடையில் மயிர் அரும்பும். பூசுவதை நிறுத்தினால் சில நாளிலேயே முகம் எரிந்து சிவக்கிறது. அந்த எரிச்சலை அடக்கப் பூசியவள் மறுபடி அதே குழாயைத்தான் திறக்கிறாள். மஞ்சள் பூசியவள் மறுநாள் பூசாமல் இருந்தால் மஞ்சள் நிறம்தான் போயிற்று.