கால் குடைச்சலும் பக்கவாதமும்: ஒரே மருத்துவர் எழுதிய இரு குறிப்புகள்

1664-இல் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர் தாமஸ் வில்லிஸ், மூளையின் உடற்கூறு குறித்து இலத்தீனில் ஒரு நூலை வெளியிட்டார். பின்னாளில் லண்டன் புனித பவுல் பேராலயத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் ரென் அதற்குப் படங்கள் வரைந்தார். மூளையின் அடியில் தமனிகள் இணைந்து வளையமாக அமைந்திருப்பதையும், ஒரு குழாய் அடைபட்டால் வேறு குழாயின் குருதி அவ்வளையத்தின் வழியே வந்து ஈடுசெய்யக்கூடும் என்பதையும் அந்நூல் விளக்கியது. கழுத்துத் தமனி ஒன்று அடைபட்டிருந்தும் பக்கவாதம் காணாமல், வேறு நோயால் இறந்த ஒருவரின் உடல் அவருக்குச் சான்றாயிற்று.

எட்டாண்டுகள் கழித்து, 1672-இல், அதே வில்லிஸ் மற்றொரு நூலில் வேறொரு துன்பத்தைப் பதிவுசெய்தார். படுக்கையில் சாய்ந்தவுடன் கை கால்களில் பொறுக்கவொண்ணாத அமைதியின்மை தொடங்கி, உறக்கமே வாய்க்காமல் தவிப்போரைப் பற்றிய குறிப்பு அது. அபின் சேர்ந்த மருந்து அவர்களுக்குப் பயன்பட்டது. (பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாதோருக்கு இன்றும் அவ்வகை மருந்துகள் தரப்படுகின்றன.) இவ்விரு நோய்களையும் மருத்துவ உலகம் முறையாக அருகருகே வைத்துப் பார்க்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

ஏன் இத்தனை தாமதம்? பக்கவாதம் பிணத்தில் தடயம் விட்டுச் செல்லும். மூளைக்குள் குருதி கசிந்திருப்பதை 1658-இலேயே சுவிட்சர்லாந்தின் யோகான் யாக்கோப் வெப்ஃபர் உடலை அறுத்துக் காட்டிவிட்டார். கால் குடைச்சலுக்கோ நோயாளியின் சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை. 1861-இல் ஜெர்மானிய மருத்துவர் தியோடோர் விட்மாக் இதற்குக் 'கணைக்கால்களின் பதற்றம்' என்று பொருள்படும் இலத்தீன் பெயரிட்டு, ஹிஸ்டீரியாவின் குறியாக வகைப்படுத்தினார். இந்நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு வருகிறது என்பதை நினைவிற்கொண்டால், அந்த வகைப்பாடு யாருடைய வாயை அடைத்தது என்பது விளங்கும். 1945-இல் சுவீடனின் கார்ல்-ஆக்செல் எக்போம் எழுதிய நூல்தான் இதனை மீண்டும் உடல்நோயாக நிலைநாட்டியது. இரும்புச்சத்துக் குறைவோடு இதற்குள்ள உறவும் அக்காலத்திலேயே தெரியவந்தது.

பக்கவாதத்தோடு உறவு உண்டோ என்ற ஐயம், உறக்க ஆய்வுக்கூடங்களில் பிறந்தது. இந்நோயாளிகளில் பெரும்பாலோருக்கு உறக்கத்திலும் கால்கள் சீரான இடைவெளியில் துடிக்கின்றன. ஒவ்வொரு துடிப்பின்போதும் குருதியழுத்தம் சட்டென உயர்வதை 2007-இல் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். இரவெல்லாம் இவ்வாறு ஏறியிறங்கும் அழுத்தம் தமனிகளைச் சிதைக்காதா? 2008-இல் 3,433 பேரை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு, இந்நோய் உள்ளோரிடம் இதய, குருதிக்குழாய் நோய்கள் சுமார் இருமடங்கு காணப்படுவதாகக் கூறியது. ஆனால் அது ஒரே காலப்புள்ளியில் எடுத்த கணக்கு. எது முந்தியது என்று அதனால் சொல்ல இயலாது. ஏறத்தாழ 30,000 பெண்களையும் 19,000 ஆண்களையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வோ, 2012-இல் அப்படியொரு தொடர்பு இல்லையென்றது.

என் மதிப்பீட்டில் பின்னதே வலுவானது. ஆயினும் அதில் பங்கேற்றோர் பெரும்பாலும் அமெரிக்க மருத்துவர்கள், செவிலியர் போன்ற மருத்துவத் துறையினர். ஊட்டமும் சிகிச்சையும் எளிதில் கிட்டிய அவர்களை வைத்து உலகை அளப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

எதிர்த்திசை உறவு இதைவிடத் தெளிவானது. 2009-இல் கொரிய மருத்துவர்கள், பக்கவாதம் கண்ட 137 பேரில் 17 பேருக்கு அதன்பின் கால் குடைச்சல் தோன்றியதைப் பதிவுசெய்தனர். மூளையின் ஆழ்பகுதிகளில் உண்டாகும் சிறு அடைப்புகளே இதற்குப் பெரிதும் காரணம்.

இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. அதற்குப் பெருங்காரணங்களுள் ஒன்று இரும்புச்சத்துக் குறைவு. கால் குடைச்சல் உள்ளோருக்கு ஃபெரிட்டின் அளவு 75-ஐத் தாண்டாவிட்டால் இரும்புச்சத்து தரலாம் என்கின்றன உறக்க மருத்துவ நெறிமுறைகள். நம் ஆய்வகச் சீட்டுகளிலோ 30-உம் 40-உம் 'இயல்பு' என்றே அச்சாகி வருகின்றன.