மிதித்த பலகையும் மறைத்த வாழையிலையும்

சமயத்தைப் பேசும் திரைப்படங்கள் பெரும்பாலும் இருவகைப்படும். ஒன்று அற்புதத்தைக் காட்டிக் கைகூப்ப வைக்கும். மற்றது போலிச் சாமியாரைக் காட்டிச் சிரிக்க வைக்கும். நம்புகிறவன் ஐயுறும் வேளையை நேர்மையாகக் காட்டுபவை மிகச் சிலவே. நான் பார்த்தவற்றுள் மார்ட்டின் ஸ்கோர்செஸியின் 'சைலன்ஸ்' (2016) அத்தகையது.

யப்பானியக் கத்தோலிக்க எழுத்தாளர் சூசாகு எண்டோ 1966இல் வெளியிட்ட நாவலே படத்தின் மூலம். நாவலின் மூலமோ வரலாறு. 1614இல் தொக்குகாவா ஆட்சி கிறிஸ்தவத்தை நாடெங்கும் தடைசெய்தது. பின்னர், ஐயத்துக்குரியோர் கிறிஸ்துவின் அல்லது மரியாளின் உருவம் பொறித்த பலகையை மிதிக்க வேண்டுமென்ற வழக்கம் ஏற்பட்டது. மறுத்தோர் பலர் குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டனர். 1633இல் அவ்வாறு வதைக்கப்பட்ட போர்த்துக்கேய யேசுசபைக் குரு பெரெய்ரா மதத்தைத் துறந்தார்.

அவரைத் தேடிவரும் இளங்குரு ரொட்ரிகேஸ், தாம் மறுதலிக்கும்வரை குடியானவர்கள் வதைபடுவர் என்பதை அறிகிறார். தம் விசுவாசத்தைக் காப்பதா, அவர்கள் உயிரைக் காப்பதா? அவர் மிதிக்கிறார். 1971இல் இக்கதையைப் படமாக்கிய மசாஹிரோ ஷினோடா, குருவின் வீழ்ச்சியோடு முடித்தார். ஸ்கோர்செஸியோ இறந்த குருவின் கைக்குள், நாவலில் இல்லாத சிறு சிலுவையொன்றை வைத்தார். கதை ஒன்று, தீர்ப்பு இரண்டு.

இது நமக்கு அந்நியமான கதையன்று. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் சைவ ஆலயங்களை இடித்தனர். வெளியே கிறிஸ்தவராகப் பெயர் பதிந்த சைவர்கள், விரத நாளில் உண்ட வாழையிலையைக் கூரையில் செருகி மறைத்தனர் என்பது யாழ்ப்பாணத்துச் செவிவழிச் செய்தி. 1658இல் ஒல்லாந்தர் வந்தபின், ஒளிந்து வழிபடும் நிலை கத்தோலிக்கருக்கும் ஏற்பட்டது. 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளார் அவர்களுக்கு மறைவாகப் பணியாற்றினார். நேற்று ஆட்சியாளரின் மதம். இன்று தடைசெய்யப்பட்ட மதம்!

1865இல் நாகசாகியின் ஔரா தேவாலயத்துக்கு வந்த சில கிராமத்தவர், தாமும் அதே விசுவாசத்தினர் என்று பிரெஞ்சுக் குருவிடம் இரகசியமாகக் கூறினர். இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகக் குருவானவரின்றிச் சமயத்தைக் காத்த மக்கள் அவர்கள். அப்பலகையை மிதித்து உயிர் தப்பியோரின் வழிவந்தவர்கள்.

உயிர்நீத்த மறைசாட்சிகளின் பெயர்களை வரலாறு போற்றுகிறது, அது தகும். ஆயினும் பலகையை மிதித்தவரும் இலையை மறைத்தவரும் இல்லையேல், அச்சமயங்களை அடுத்த தலைமுறைக்குக் கையளித்திருப்பவர் யார்? கோழைகள் என்று அவர்களை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.