நடந்து வந்தவர்களின் ஊர்

ராமேஸ்வரம் தீவில் இருக்கும் எங்கள் அக்காள்மடத்தில் மலை கிடையாது. தீவு முழுக்கத் தேடினாலும் ராமேஸ்வரத்துக்கு வடக்கே இருக்கும் கெந்தமாதன பர்வதம் ஒன்றுதான் தேறும். பெயர்தான் பர்வதம், பார்த்தால் மணல்மேடு. ராமர் பாதம் இருக்கும் மண்டபத்தின் மாடியில் நின்றால் மரங்களுக்கு அப்பால் கடல் தெரியும். எங்கள் மலையேற்றம் அவ்வளவுதான். ஆனால் மூட்டையைச் சுமந்துகொண்டு வாரக்கணக்கில் நடப்பவர்களைப் பற்றி எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஊரே அவர்களால் உண்டானது.

என் பேரன் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு டிரெக்கிங் போகத் திட்டம் போடுகிறான். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய திட்டத்தில் 40 பாதைகள் உண்டாம். இணையத்தில் முன்பதிவு, கூடவே வழிகாட்டி. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகு, இப்படி ஒரு ஒழுங்கு வந்ததில் எனக்குத் திருப்திதான். கூடாரம், படுக்கைப் பை, தண்ணீர் கிடைக்கும் இடங்கள், மருந்து என்று நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறான். வாசித்துவிட்டுச் சொன்னேன்: "தம்பி, இதில் பாதியை அந்தக் காலத்தில் பாதையே சுமந்தது."

அந்தக் காலத்தில் ராமேஸ்வரத்துக்கு நடந்தே வந்த சேது யாத்திரை சின்ன நடையல்ல. முழுதாகச் செய்பவர் தனுஷ்கோடியில் மணலெடுத்துப் பிரயாகையில் கரைத்து, கங்கை நீரோடு திரும்பி வந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். மாதக்கணக்கில் நடக்கிற வேலை. இத்தனை தூரத்துக்கும் அரிசி சுமக்க எந்த முதுகாலும் ஆகாது. அதனால்தான் தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று கடலோரமாக இறங்கும் வழியில், ஏறக்குறைய ஒரு நாள் நடைக்கு ஒன்றாகச் சத்திரங்கள் எழுந்தன. பலவற்றுக்குத் தஞ்சை மராத்திய அரச குடும்பத்துப் பெண்களின் பெயர். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. அந்த வழியே போகும்போது இறங்கிப் பாருங்கள். அரண்மனைக்குச் செலவழிப்பதுபோல வழிப்போக்கனுக்குச் செலவழித்திருக்கிறார்கள்.

1799 உடன்படிக்கையில் தஞ்சை ராஜ்ஜியம் கும்பெனியார் கைக்குப் போனது. சரபோஜிக்கு அப்போது பெருங்கவலை இந்தச் சத்திரங்கள். அவற்றையாவது தம் பொறுப்பில் விட்டுவைக்கும்படி 1801இல் ஆங்கிலேய ரெசிடென்டுக்கு எழுதினார். சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று அந்தக் கடிதம் விவரமாகச் சொல்கிறது. எந்தச் சாதியாராக இருந்தாலும் சோறு உண்டு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமானும் அளந்து கொடுப்பார்கள். நடுராத்திரியில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூவி அழைப்பார்கள். வைத்தியர் இருந்தார், விஷக்கடிக்கு மருந்து இருந்தது. குழந்தைக்குப் பால், வழியில் வலி கண்ட பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க ஏற்பாடு, செத்துப்போனால் ஈமக்கடன் வரைக்கும் உண்டு. நாடு போன மன்னர் இதற்காக மன்றாடினார் என்பதை நினைக்க எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ராமநாதபுரம் சீமைக்குள் வந்துவிட்டால் யாத்திரிகர் அதை ஆண்ட சேதுபதிகளின் பொறுப்பு. உப்பூர்ப் பிள்ளையாரை வணங்கி, தேவிபட்டினத்தில் நவபாஷாணம் பார்த்து, மண்டபம் தாண்டித் தோணித்துறைக்கு வருவார்கள். அங்கிருந்து பாம்பனுக்குப் படகு. கச்சான் பலத்து அடித்தாலோ வாடை பிடித்துக்கொண்டாலோ கரையில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

அந்தத் துறையில்தான் எங்கள் ஊரின் கதை தொடங்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவர் விஜய ரகுநாத சேதுபதி. தம் பெண்கள் இருவரையும் தண்டத்தேவர் என்பவருக்குக் கட்டிக்கொடுத்து, அவரையே இந்தத் தீவுப் பகுதிக்கு அதிகாரியாக வைத்தார். மருமகன் பாம்பனில் கடக்கும் யாத்திரிகர்களிடம் வரி பிடித்தாராம். செய்தி தெரிந்ததும் சேதுபதி மரண தண்டனை விதித்தார். புருஷனைப் பறிகொடுத்த சகோதரிகள் தீயில் இறங்கினார்கள். மூத்தவள் நினைவாக எழுந்தது அக்காள்மடம், இளையவள் நினைவாகக் கிழக்கே தங்கச்சிமடம். இரண்டும் நடந்து வருகிறவர்கள் தங்கும் இடங்கள்.

என் அப்பத்தா இதைச் சொல்லும்போது குரல் மாறும். உடன்கட்டை ஏறியதைப் பெருமையாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தப் பெண்களை யார் கேட்டார்கள்? தண்டனைக்கு வேறு அரசியல் காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் நடந்து வந்தவனிடம் காசு கேட்டதுதான் குற்றம் என்றே ஊர் இத்தனை தலைமுறையாக நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அது போதும்.

தண்ணீருக்கும் வழியிலேயே ஏற்பாடு இருந்தது. தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் கடலோரம் வில்லூண்டித் தீர்த்தம். சுற்றிலும் உப்புநீர், ஊற்றில் மட்டும் நல்ல தண்ணீர். சீதையின் தாகத்துக்கு ராமர் வில்லை ஊன்றிய இடம் என்பார்கள். மழைநீர் மணலுக்குள் இறங்கி உப்புநீருக்கு மேலே தங்கி நிற்பதால் இந்தத் தீவின் மணல்மேடுகளில் கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் சுரக்கும். தனுஷ்கோடியில் மீனவக் குடும்பங்கள் அப்படித்தான் எடுத்துக் குடிக்கிறார்கள்.

பிறகு ரயில் வந்தது. 1902இல் மண்டபம் வரை, 1914 பிப்ரவரி 24இல் பாலம் திறந்து தீவுக்குள்ளும். யாத்திரை வேகமானது, மடங்களுக்கு வேலை குறைந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் தின்றது; ரயிலும் அங்கே போவது நின்றது. 1988இல் சாலைப் பாலம் வந்த பிறகு எங்கள் ஊர் ஜன்னல் வழியே கடந்துபோகிற ஊராகிவிட்டது. 2025 ஏப்ரலில் புது ரயில் பாலமும் வந்துவிட்டது. இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை. மூட்டு வலிக்காரனுக்குப் பாலத்தின் அருமை தெரியும்.

ஆனாலும் நடப்பவர்கள் இன்னும் வருகிறார்கள். மாசி சிவராத்திரியை ஒட்டிக் காவி கட்டிய வடநாட்டுச் சாதுக்கள், கையில் செம்போடு, தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் தார்ச்சூட்டை மிதித்துப் போவதைப் பார்க்கிறேன். பாம்பனிலிருந்து கோயில் வரை பத்துக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. அவர்களுக்காகச் சாலையோரம் ஒரு கூரையும் ஒரு குடிநீர்க் குழாயும் போட ஊர்ப் பெரியவர்கள் முன்வர வேண்டும். பெரிய செலவில்லை.

நடக்க நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தை, மாசி மாதங்களில் வாருங்கள். மண்டபத்திலிருந்து விடியுமுன் கிளம்புங்கள். பாலத்தில் காற்று ஆளைத் தள்ளும், கைப்பிடிச் சுவரை ஒட்டி நடங்கள். பாம்பனில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் தாகமெடுத்தால் எந்த வீட்டிலும் கேட்கலாம்.