ஒத்திவைக்கப்பட்ட வினாக்கள்: நோர்வேயின் இரு சமாதான முயற்சிகள்

பகைவரை ஒரே மேசையில் அமர்த்துதல் அரிது. அங்கு கண்ட முடிவுக்கு அவர்தம் மக்களை இணங்கச் செய்தல் அதனினும் அரிது. இவ்வுண்மையை நோர்வே நடுநின்ற இரு முயற்சிகள் புலப்படுத்துகின்றன. ஒன்று இஸ்ரேலியருக்கும் பலஸ்தீனருக்கும் இடையிலானது. மற்றையது இலங்கை அரசுக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் இடையிலானது.

ஒஸ்லோவில் மறைவாக நடைபெற்ற பேச்சுக்களின் பயனாக, 1993 செப்ரெம்பர் 13 ஆம் நாள் வாஷிங்டனில் கோட்பாட்டுப் பிரகடனம் கைச்சாத்திடப்பட்டது. இஸ்ரேலியப் பிரதமர் ராபினும் பலஸ்தீன விடுதலை இயக்கத் தலைவர் அரபாத்தும் கைகுலுக்கினர். ஒருவரை மற்றவர் ஏற்றுக்கொண்டமை பெரும் மாற்றமே. ஆயின் ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லைகள் ஆகிய கடினமான வினாக்கள் பின்னர் பேசுதற்கென ஒத்திவைக்கப்பட்டன. ஐந்தாண்டு இடைக்காலத்தில் வளரும் நம்பிக்கை அவற்றைத் தீர்க்கும் என எண்ணினர். நிகழ்ந்ததோ வேறு. குடியேற்றங்கள் பெருகின, ஹமாஸ் இயக்கத்தின் தற்கொலைத் தாக்குதல்கள் தொடர்ந்தன. 1995 நவம்பர் 4 இல் ராபின் தம் இனத்தவன் ஒருவனாலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். 2000 யூலையில் காம்ப் டேவிட்டில் அவ்வினாக்கள் எடுத்துக்கொள்ளப்பட்டபோது, அவற்றைத் தாங்குதற்குரிய நம்பிக்கை எஞ்சியிருக்கவில்லை.

இலங்கையிலும் ஏறத்தாழ இவ்வாறே நிகழ்ந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டது. ஏப்ரலில் முகமாலை வழியாக ஏ9 வீதி திறக்கப்பட, குடாநாட்டினர் தரைவழியே தெற்கு நோக்கிப் பயணம் செய்யலாயினர். டிசெம்பரில் ஒஸ்லோவில், ஐக்கிய இலங்கைக்குள் சமஷ்டி அடிப்படையிலான தீர்வை ஆராய இரு தரப்பும் இணங்கின. எனினும் வலிகாமம் வடக்கின் உயர்பாதுகாப்பு வலயத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் தம் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் திரும்ப இயலவில்லை. புலிகள் சிறுவரைப் படையிற் சேர்ப்பதும் அரசியற் கொலைகளும் நின்றபாடில்லை. தெற்கிலோ சனாதிபதியும் பிரதமரும் எதிரெதிர்க் கட்சியினராயிருந்தனர். 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சுக்களை இடைநிறுத்தினர். 2008 சனவரியில் அரசு உடன்படிக்கையிலிருந்து விலகியது. 2009 மே வரை நேர்ந்த பேரழிவை நாம் அறிவோம்.

இவ்விரண்டும் முற்றிலும் ஒத்தவையல்ல. பலஸ்தீன விடுதலை இயக்கம் 1974 முதல் ஐக்கிய நாடுகள் சபையில் அவதானிப்பாளர் தகுதி பெற்றிருந்தது. இத்தகைய அங்கீகாரம் புலிகளுக்கு இருக்கவில்லை. எனினும் ஒப்பத்திற்கும் நிறைவேற்றத்திற்கும் இடைப்பட்ட காலமே எதிர்ப்போர் வலுப்பெறும் காலம் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. இது நமக்குப் புதிய பாடமுமன்று. 1957 யூலை 26 இல் செய்யப்பட்ட பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம், பிக்குமாரின் எதிர்ப்பின் முன் 1958 ஏப்ரல் 9 இல் கைவிடப்பட்டது.

கடினமான வினாவை ஒத்திவைத்தல் சிலவேளை தவிர்க்கவியலாதது. ஆயின் அவ்விடைக்காலத்தில் எளிய மக்கள் காணும் பயன் சிறிதாயின், ஒத்திவைப்பு ஏமாற்றமாகவே அவர்க்குத் தோன்றும். ஆதலின் ஒரு சமாதான முயற்சியை மதிப்பிட விழைவோர், ஒப்பமிட்டோர் யார் என்பதோடு, வீடு திரும்பியோர் எத்தனைபேர் என்பதையும் வினவுதல் வேண்டும்.